மன உறுதி இல்லை என்பவருக்கு டாக்டர் வெங்கடசாமியின் வாழ்க்கை சொல்வது

உங்கள் கேள்வியின் சாரத்தை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால். வயது 36. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் பன்னிரண்டு வருடமாகக் கணக்குப் பார்க்கிறீர்கள். வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் ஜிஎஸ்டி பிராக்டிஷனர் ஆவதற்கான தேர்வு எழுதிச் சொந்தமாக ஒரு சின்ன அலுவலகம் போட வேண்டும் என்பது ஆசை. தை பிறந்ததும் படிக்க உட்காருகிறீர்கள், மாசி முடிவதற்குள் விட்டுவிடுகிறீர்கள். மூன்று வருடமாக இதே கதை. எனக்கு மன உறுதியே இல்லை, வயதும் போய்விட்டது, முன்னேறியவர்கள் வாழ்க்கையிலிருந்து எனக்குப் பயன்படுகிற பாடம் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதில் மன உறுதி இல்லை என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பன்னிரண்டு வருடம் மாதம் தவறாமல் கணக்கை முடித்துக் கொடுக்கும் மனிதருக்கு உறுதி இல்லை என்று யார் சொன்னது? அலுவலகத்தில் முடிகிறது, வீட்டில் முடியவில்லை, அவ்வளவுதான். அலுவலகத்தில் கெடு தேதி இருக்கிறது. பில்லைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும் பையன் இருக்கிறான். தாமதமானால் கேட்பதற்கு முதலாளி இருக்கிறார். உங்களுக்கென்று ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், நேற்று விட்ட இடம். உங்கள் படிப்புக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. இரவு சாப்பிட்ட பிறகு, களைத்த உடம்போடு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் புத்தகத்தைத் திறப்பவர் யாராக இருந்தாலும் ஒரு மாதத்தில் மூடிவிடுவார்.

ஆகவே நான் சொல்லப்போவது ஏற்பாடு பற்றி. பத்துப் பெரிய மனிதர்களிடமிருந்து ஆளுக்கொரு வரி எடுத்துத் தந்தால் படிக்க நன்றாக இருக்கும், நாளைக்குக் காலையில் கையில் எதுவும் மிஞ்சாது. ஒரே ஒருவருடைய வாழ்க்கையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் மதுரைக்காரன். எங்கள் ஊரில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியைப் பற்றிப் பல வருடமாகப் படித்தும் கேட்டும் வருகிறேன். அவரது கதையை எல்லோரும் இரக்கத்தின் கதையாகவும் விடாமுயற்சியின் கதையாகவும் சொல்கிறார்கள். அவரிடம் இரண்டும் நிறையவே இருந்தன. ஆனால் நாம் எடுத்துப் பயன்படுத்தக்கூடியது அவற்றுக்கு அடியில் இருக்கிறது. அவர் தம் உறுதியை மட்டும் நம்பி ஒரு வேலையையும் விட்டுவைக்கவில்லை. அதை மேசையாக, பேருந்தாக, படிவமாக, பயிற்சித் திட்டமாக மாற்றி வைத்தார். மனம் சோர்ந்த நாளிலும் அவை நின்றன. அவர் 2006இல் காலமான பிறகும் நிற்கின்றன.

வெங்கடசாமி 1918 அக்டோபர் 1ஆம் தேதி எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரம் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஆற்று மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்த பள்ளிக்கூடம். உறவுக்காரப் பெண்கள் பிரசவ நேரத்தில் அடுத்தடுத்து இறந்ததைச் சிறுவனாகப் பார்த்தார். பிரசவ மருத்துவர் ஆக வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் விழுந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல், பிறகு சென்னை ஸ்டான்லியில் மருத்துவம், 1944இல் பட்டம். உடனே ராணுவ மருத்துவப் பிரிவு.

முப்பது வயதை எட்டும்போது முடக்குவாதம் தாக்கியது. சாதாரண மூட்டுவலி என்று நினைக்க வேண்டாம். மாதக்கணக்கில் படுக்கை. கை கால் விரல்கள் கோணிப் போயின, பேனா பிடிக்க முடியவில்லை. ராணுவ வேலை போயிற்று. பிரசவம் பார்க்க நெடுநேரம் நிற்க வேண்டும், கையில் பலம் வேண்டும். அந்தக் கனவும் போயிற்று.

இந்த இடத்தை மேடையில் பேசுகிறவர்கள், கைவிடாதே என்ற பாடமாகச் சொல்வார்கள். நடந்தது என்ன என்று பாருங்கள். அவர் கைவிட்டார். பிரசவ மருத்துவத்தை விட்டுவிட்டுக் கண் மருத்துவத்துக்கு மாறினார். வைத்தியம் இல்லாமல் கிராமத்து ஜனங்கள் வீணாகத் துன்பப்படக் கூடாது என்ற காரணத்தை மட்டும் விடவில்லை. காரணத்தைப் பிடித்துக்கொண்டு வழியை மாற்றிக்கொள்வது ஒரு பெரிய திறமை என்று நான் நினைக்கிறேன். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஐந்து வருடத்துக்கு முன் தேர்ந்தெடுத்த வழியைக் கௌரவத்துக்காகப் பிடித்துக்கொண்டு, எதற்காக அதில் இறங்கினோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

கண் அறுவை சிகிச்சைக்குப் பெரிய உடல் பலம் தேவையில்லை, நுட்பம் தேவை. கோணிய விரல்களை வைத்துக்கொண்டே கத்தி பிடிக்கப் பழகினார். முதலில் நிற்க, பிறகு நடக்க, பிறகு எழுத, பிறகு கருவியைப் பிடிக்க என்று படிப்படியாக வந்தது அது. அந்தக் கைகளால் தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1976இல் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று அதே வருடம் அரவிந்தைத் தொடங்கினார். 58 வயதில் தொடங்கிச் சாதித்தவர் என்று சொல்வது இதனால்தான். எனக்கு இது பாதி உண்மையாகத்தான் படுகிறது. 1956லிருந்து இருபது வருடம் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறையை நடத்தியிருந்தார். 1960களிலேயே கிராமம் கிராமமாகக் கண் சிகிச்சை முகாம் போட்டிருந்தார். எந்த ஊரில் யார் வருவார்கள், எந்த மாதத்தில் வரமாட்டார்கள், எத்தனை நர்ஸ் இருந்தால் எத்தனை பேருக்கு அறுவை செய்யலாம், எங்கே தாமதமாகிறது என்பதெல்லாம் 58 வயதுக்குள் அவருக்கு மனப்பாடம். இருபது வருடம் சேர்த்த கைப்பழக்கத்துக்கு ஒரு புதிய கட்டடத்தைத்தான் 1976இல் தேடினார்.

உங்களுக்கும் இதையே சொல்வேன். 36 வயதில் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறோம் என்று நினைப்பதால்தான் மலைப்பாக இருக்கிறது. பன்னிரண்டு வருடம் நூல் வாங்கிய பில், சாயப்பட்டறைக் கூலி, விசைத்தறி ஜாப் ஒர்க் என்று உங்கள் கை வழியே போயிருக்கிறது. நேற்றுக் கல்லூரி முடித்தவருக்கு இது தெரியாது. தேர்வுப் பாடத்தில் பாதிக்கு மேல் நீங்கள் தினமும் செய்யும் வேலை, சட்டத்தின் மொழியில் எழுதப்பட்டிருக்கிறது.

அரவிந்த் தொடங்கியபோது அது மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கை. அதில் ஆறு படுக்கை பணம் கொடுக்க முடியாதவர்களுக்கு, ஐந்து பணம் கொடுப்பவர்களுக்கு. பணம் போட ஆள் கிடைக்காததால் வீட்டை அடமானம் வைத்தார்கள், வீட்டுப் பெண்களின் நகைகள் அடகுக்குப் போயின. தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்கள், கூடவே வந்தார்கள். தம்பி சீனிவாசன் கட்டடத்தையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார். வெங்கடசாமி சம்பளம் வாங்காமல் தம் ஓய்வூதியத்தில் வாழ்ந்தார்.

11இல் 6 என்பதைக் கவனியுங்கள். முதலில் சம்பாதித்து வசதி வந்த பிறகு தர்மம் செய்யலாம் என்று அவர் தள்ளிப்போடவில்லை. அதேபோல் எல்லாமே இலவசம் என்று தொடங்கி இரண்டு வருடத்தில் நன்கொடைக்கு அலையவும் இல்லை. பணம் கொடுப்பவரின் கட்டணத்தில் இரண்டு வகையினருக்கும் சிகிச்சை நடக்க வேண்டும் என்ற கணக்கு முதல் நாளே கட்டடத்துக்குள் வந்துவிட்டது. நம் லட்சியம் நம்முடைய அன்றாட ஏற்பாட்டுக்குள் முதல் நாளிலிருந்தே எத்தனை படுக்கை பிடித்திருக்கிறது என்று ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். பிறகு செய்வேன் என்று ஒதுக்கி வைக்கும் காரியத்துக்குப் பெரும்பாலும் அந்தப் பிறகு வருவதில்லை.

இப்போது ஆபரேஷன் தியேட்டருக்குள் வாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கண்புரை அறுவை சிகிச்சையில், மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய பகுதி சில நிமிடங்கள்தான். நோயாளியை அழைத்து வருவது, கண்ணைச் சுத்தம் செய்வது, மருந்து விடுவது, சரியான கண்தானா என்று சரிபார்ப்பது, கருவிகளை அடுக்குவது, முடிந்ததும் கட்டுப் போடுவது எல்லாம் சேர்ந்துதான் நேரத்தைத் தின்கின்றன. சாதாரணமாக இத்தனை நேரமும் மருத்துவர் காத்திருப்பார். வெங்கடசாமி ஒரு மருத்துவருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசை போட்டார். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்தவர் தயாராகிவிடுவார். முதல் மேசையில் வேலை முடிந்ததும் மருத்துவர் கையுறையும் கிருமி நீக்கமும் பார்த்துக்கொண்டு மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். ஒவ்வொரு மேசைக்கும் பயிற்சி பெற்ற நர்ஸ்கள். மருத்துவர் ஓடவேண்டியதில்லை, அவசரப்படவேண்டியதும் இல்லை. ஆனாலும் அங்கே ஒரு மருத்துவர் ஆண்டுக்குச் சுமார் 2000 அறுவை செய்வார். நாட்டின் சராசரியைப் போல் இது பல மடங்கு.

அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்துவிட்டு, எந்த ஊருக்குப் போனாலும் ஒரே தரம், ஒரே முறை, சாதாரண இளைஞர்களைப் பழக்கியே இதை நடத்துகிறார்களே, கண் வைத்தியத்தை ஏன் இப்படிக் கொண்டுபோக முடியாது என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். உணவுக் கடையை ஒரு மருத்துவர் உதாரணம் காட்டுவதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எங்கிருந்து கற்றுக்கொள்கிறோம் என்பதில் அவருக்கு வெட்கமே இல்லை. புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தரின் ஆன்மிகத்தில் ஊறியவர், தியானம் செய்தவர், ஒரு பர்கர் கடையில் நின்று பாடம் படித்தார். அவர் மேல் எனக்கு இருக்கும் மரியாதையில் பாதி இதற்காக.

இதை உங்கள் மேசைக்குக் கொண்டு வரலாம். மாலையில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அதில் புத்தகத்தைத் தேடுவது, எந்த அத்தியாயம் என்று யோசிப்பது, போனில் ஒரு விளக்க வீடியோவைத் தேடப்போய் வேறெதையோ பார்ப்பது, பேனா எழுதவில்லை என்று எழுந்திருப்பது எல்லாம் போக உண்மையாகப் படிப்பது எத்தனை நிமிடம்? படிப்பது ஒன்றுதான் நீங்கள் மட்டுமே செய்யக்கூடியது. மற்றதையெல்லாம் இரண்டாவது மேசைக்குத் தள்ளுங்கள். இன்று எழும்போதே நாளைய பக்கத்தைத் திறந்து வைத்து, நாளைக்குப் போட வேண்டிய ஐந்து கணக்கைக் குறித்து வைத்துவிட்டு எழுந்திருங்கள். வாரத்துக்குத் தேவையான பிரிண்ட் அவுட்டை ஞாயிறன்று எடுத்து வையுங்கள். உட்காரும் நேரத்தில் முடிவெடுக்க எதுவுமே மிச்சம் இருக்கக் கூடாது.

அடுத்தது முகாம்கள். இலவசமாக அறுவை செய்கிறோம் வாருங்கள் என்று அழைத்தால் கூட்டம் அலைமோதும் என்றுதானே நினைப்போம்? பரிசோதனைக்கு வந்து, புரை இருக்கிறது, அறுவை செய்தால் பார்வை வரும் என்று சொல்லப்பட்டவர்களிலும் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வரவில்லை. படிக்காத ஜனங்கள், அக்கறை இல்லை என்று முடித்துக்கொள்வது சுலபம். அரவிந்தில் அவர்களிடமே போய்க் கேட்டார்கள். பஸ்ஸுக்குக் காசு இல்லை. துணைக்கு வர மகனுக்கு இரண்டு நாள் கூலி போகும். ஊரில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? கண்ணைத் தோண்டி எடுத்துவிடுவார்களோ என்ற பயம். வயதான பிறகு கண் தெரியாவிட்டால் என்ன, சமாளித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். இலவசம் என்ற சொல்லுக்குள் இத்தனை செலவு ஒளிந்திருந்தது.

உபதேசம் செய்யாமல் பஸ் அனுப்பினார்கள். முகாமிலேயே தேர்ந்தெடுத்து, அன்றைக்கே ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வந்து, சாப்பாடு, தங்க இடம், மருந்து எல்லாம் கொடுத்துத் திரும்ப ஊரில் விட்டார்கள். ஒரே ஊர்க்காரர்கள் கூட்டமாக வருவதால் தனியாக வரும் பயமும் குறைந்தது. முகாமுக்கு ஆகும் செலவையும் விளம்பரத்தையும் உள்ளூர் லயன்ஸ் சங்கம், ரோட்டரி, ஆலை, கோயில் நிர்வாகம் என்று யாராவது ஏற்றுக்கொள்வார்கள். கண்ணாடி மட்டும் தேவைப்படுபவருக்கு முகாம் இடத்திலேயே தயாரித்துக் கொடுத்தார்கள், இன்னொரு நாள் வரச் சொன்னால் வரமாட்டார் என்பதால்.

இத்தோடும் அவர்கள் திருப்தி அடையவில்லை. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், கண் குறை உள்ள கிராமத்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் முகாம்களுக்கு வருகிறார்கள் என்று தெரிந்தது. அந்த ஆய்வில் அரவிந்த்காரர்களே பங்கெடுத்திருந்தார்கள். இத்தனை வருட உழைப்புக்குப் பிறகு இப்படி ஓர் எண் கையில் கிடைத்தால் மறைத்து வைக்கத்தான் பலருக்கும் தோன்றும். அதை வெளியிட்டார்கள். சில வருடங்களில் கிராமத்துக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்ன விஷன் சென்டர்கள் வரத் தொடங்கின. அங்கே ஒரு பயிற்சி பெற்ற பெண் கண்ணைப் பரிசோதிப்பார், பெரிய மருத்துவமனையிலிருக்கும் மருத்துவர் கேமரா வழியாக நோயாளியிடம் பேசுவார்.

தம்பி, உங்கள் கேள்விக்கு நேரான பதில் இந்தப் பஸ்தான். மாசியில் படிப்பு நிற்கிறது என்றால் உங்களைத் திட்டிக்கொள்ளாமல், அந்த நோயாளிகளிடம் கேட்டதுபோல் உங்களிடமே கேளுங்கள். மாசி, பங்குனியில் உங்கள் அலுவலகத்தில் என்ன நடக்கிறது? மார்ச் மாத ஆண்டுக் கணக்கு முடிப்பு. வருடத்திலேயே அதிக வேலை அப்போதுதான். தையில் தொடங்கினால் எவ்வளவு உறுதி இருந்தாலும் மார்ச்சில் மூச்சு முட்டும். சித்திரைக்குப் பிறகு தொடங்கிப் பாருங்கள். இரவில் முடியவில்லை என்றால் காலையில் கடை திறப்பதற்கு முன் அலுவலகத்திலேயே அரை மணி நேரம் உட்கார முதலாளி அனுமதிப்பாரா? வீட்டில் குழந்தைகள் விளையாடும் நேரமும் உங்கள் நேரமும் ஒன்றா? உங்களைத் தடுப்பது ஒரு பஸ் கட்டணம் அளவுள்ள சின்ன விஷயமாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். பெரிய குறை என்று நினைத்துக்கொண்டிருப்பதால் அந்தச் சின்ன விஷயம் கண்ணில் படுவதில்லை.

கணக்கு எழுதுவது பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அரவிந்தில் ஒவ்வோர் அறுவையின் விளைவையும் பதிவு செய்கிறார்கள். எந்த மருத்துவரிடம் எத்தனை சிக்கல், எந்த வகைச் சிக்கல் என்று தனித்தனியாகக் கணக்கெடுத்து, உட்கார்ந்து பேசுகிறார்கள். வேகம் கூடும்போது தரம் இறங்குகிறதா என்பதை இதனால்தான் அவர்களால் அறிய முடிகிறது. வெங்கடசாமி தம்மைப் பற்றியும் இப்படித்தான் எழுதினார். அவருடைய நாட்குறிப்புகளில் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட கேள்விகள் நிறைய. நம் நாட்குறிப்பில் பெரும்பாலும் இருப்பது தீர்மானங்கள். நடந்ததை எழுதிப் பாருங்கள். எந்தப் பாடத்தில் எந்த வகைக் கணக்கு தவறுகிறது என்று ஒரு தாளில் தேதியோடு இருந்தால், மூன்றாவது வாரத்தில் உங்கள் பலவீனம் உங்களுக்கே வரிசையாகத் தெரியும்.

ஆட்களைப் பழக்கிய விதத்தையும் சொல்ல வேண்டும். நர்ஸ் வேலைக்கு அவர் பெரிய பட்டம் கேட்கவில்லை. பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தார். இன்று அந்த மருத்துவமனைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதி அவர்கள்தான். கண்ணைப் பரிசோதிப்பது, கண்ணாடிக்கு அளவெடுப்பது, தியேட்டரில் உதவுவது எல்லாம் அவர்கள் கையில். தமக்குத் தெரிந்த வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து இன்னொருவர் செய்யும்படி எழுதி வைக்க அவருக்குத் தெரிந்திருந்தது. தொழிலில் ஓர் அளவுக்கு மேல் வளர முடியாமல் நிற்பவர்களைப் பாருங்கள். கெட்டிக்காரர்களாகத்தான் இருப்பார்கள், எல்லாம் அவர்கள் தலைக்குள் இருக்கும், ஒரு நாள் காய்ச்சல் வந்தால் கடை மூடிவிடும்.

லென்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் புரை எடுத்தவர்கள் சோடா புட்டி போலத் தடித்த கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வந்த பிறகு அந்தக் கஷ்டம் போயிற்று, ஆனால் வெளிநாட்டு லென்ஸின் விலை நூறு டாலர் அளவில் இருந்தது. ஏழை நோயாளிக்குக் கண்ணாடி, வசதியானவருக்கு லென்ஸ் என்று இரண்டு தரம் வைத்துக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை. 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி லென்ஸைத் தயாரித்தார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது, பிறகு இன்னும் குறைந்தது. அதே வருடம் பயிற்சி நிறுவனம் ஒன்றைத் தொடங்கித் தங்கள் முறைகளை மற்ற மருத்துவமனைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தார்கள்.

அவரிடமிருந்து நீங்கள் எடுக்கக் கூடாததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பாதிதான் சொன்னவனாவேன். வெங்கடசாமி திருமணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய நாள் முழுக்க வேலைக்கே போயிற்று. கூடப்பிறந்தவர்களும் அவர்களின் துணைகளும் ஆரம்ப வருடங்களில் குறைந்த சம்பளத்தில், குழந்தைகளையும் பார்த்துக்கொண்டு, நீண்ட நேரம் உழைத்தார்கள். ஒரு குடும்பமே சேர்ந்து தூக்கிய பாரம் அது. தனி மனிதரின் வெற்றி என்று அதை எழுதும்போது நாச்சியார் போன்றவர்களின் இரவுகள் விட்டுப்போகின்றன. உங்களுக்கு மனைவி இருக்கிறார், குழந்தைகள் இருக்கிறார்கள். நகையை அடகு வைத்து அலுவலகம் போட வேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை. வேலையில் இருந்துகொண்டே தேர்வை முடிக்கலாம், அதற்குப் பிறகும் ஒரு வருடச் செலவுக்குப் பணம் சேரும் வரை பொறுக்கலாம். திட்டம் முழுவதையும் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். மாலை நேரத்து ஒரு மணி உங்களுடையது என்றால் அந்த ஒரு மணியில் வீட்டு வேலை யார் தலையில் விழுகிறது என்பதும் அந்தப் பேச்சில் வர வேண்டும்.

கடைசியாக உங்கள் அலுவலகம் பற்றி. தேர்வு முடியட்டும், பிறகு வாடிக்கையாளரைத் தேடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தேடுவதை இப்போதே தொடங்கலாம், பணம் வாங்காமல், யாருடைய வேலையையும் எடுத்துச் செய்யாமல், வெறும் கேள்வியோடு. வரும் மாதம் 20ஆம் தேதி நெருங்கும்போது உங்கள் தெருவிலிருக்கும் சின்னக் கடைக்காரர்கள், இரண்டு தறி வைத்திருப்பவர்கள் ஐந்து பேரிடம் பேசுங்கள். ரிட்டர்ன் போடத் தாமதமாகிறதா, ஏன்? பில் தொலைகிறதா? ஆடிட்டர் அலுவலகம் தூரமா? போனால் காத்திருக்க வைக்கிறார்களா? கேள்வி கேட்கக் கூச்சமா? அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அலுவலகம் எந்தத் தெருவில் இருக்க வேண்டும், இரவு எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும், பில்லை நீங்களே ஸ்கூட்டரில் போய் வாங்கிவர வேண்டுமா என்பதெல்லாம் அந்தத் தாளிலிருந்து தெரியவரும். அந்த வாரம் படிப்பதற்கு இன்புட் கிரெடிட் பாடத்தை, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் உங்களிடம் திருப்பிக் கேட்கும் சந்தேகங்களில் பாதி அதில்தான் இருக்கும்.